அக்காவின் பெயரில் பத்து விரல்

எங்கள் வீட்டைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். இருக்கச் சொல்லாமலே கதிரையில் இருப்பார்கள். எத்தனை பேர், என்ன ஃபோன் நம்பர், வெளிநாட்டிலிருந்து யார் கதைக்கிறார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டு, எங்களை வாசலில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஆட்டுக்குட்டிகளைக்கூட எண்ணினார்கள். அத்தனை கெட்டிக்காரர்களுக்கு நான் யார் என்பது மட்டும் தெரியாது.

கடைசிச் சண்டைக் காலத்தில் பதினேழு வயது அக்காவை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. அவள் திரும்பவில்லை. அப்பா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். எனக்குப் பதின்மூன்று வயது; வயதுக்கு மீறிய உயரம். சண்டை முடிந்து செட்டிகுளத்து அகதி முகாமில் இராணுவத்தின் பதிவுக்கு நின்றபோது அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். மூத்தவள் இல்லையென்றால் எங்கே என்று கேட்பார்கள், இயக்கம் என்று தெரிந்தால் எங்களையும் விடமாட்டார்கள். ஷெல்லில் செத்த சின்னப்பிள்ளையைப் பற்றி ஒருவரும் விசாரிக்கப்போவதில்லை. என் பிறப்புச் சான்றிதழைக் கிழித்து மலசலகூடக் குழியில் போட்டார். அக்காவுடையதை மேசையில் வைத்தார்.

"இவள்தான் மூத்தவள். இளையவள் ஷெல்பட்டுச் செத்திட்டாள்."

அழச்சொல்லி என் கையில் கிள்ளினார். கிள்ளாமலே எனக்கு அழுகை வந்திருந்தது.

அன்றிலிருந்து அம்மா எங்கள் இருவர் பெயரையும் வாயால் சொன்னதில்லை. வீட்டில் நான் வெறும் 'பிள்ளை'. அடையாள அட்டை, கார்மென்ட்ஸ் வேலை, வங்கிப் புத்தகம் எல்லாம் அக்கா பெயரில். காணாமல் போனவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் இருந்தபோது, பஸ்ஸில் போகும் அம்மா அவர்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எந்தப் படத்தைக் கொண்டுபோவது? அந்தப் பெயரில்தான் நான் கண்டாவளையில் உயிரோடு இருக்கிறேனே.

புதிய அடையாள அட்டைக்கு நாளை பத்து விரலும் கண்ணும் பதிய வேண்டும் என்று ஊர்ப் பதிவு பார்க்கும் விதானையார் வந்து சொன்னபோது, என் விரல்களை விரித்துப் பார்த்தேன். கடதாசியில் எழுதிய பெயரை என்றாவது மாற்றலாம். விரலை எங்கே போய் மாற்றுவது?

"அம்மா, நாளைக்கு உண்மையைச் சொல்லப் போறன்."

"சொன்னா முதல்ல என்ன கேப்பினம்? மூத்தவள் எங்க எண்டுதான்."

"அதை நாங்களெல்லோ அவையளிட்டக் கேக்கவேணும்! இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டிருந்து என்னத்தைக் கண்டனாங்கள்? தலைக்கு மேல வெள்ளம் போனாப்பிறகு சாணென்ன, முழமென்ன?"

"கள்ள ஐடென்டிகாட் எண்டு உன்னையும் கொண்டுபோவாங்கள். ஒண்டைக் குடுத்திட்டன் பிள்ளை. மற்றதையும் குடுக்கச் சொல்லாத."

ஆனாலும் சொல்வதென்று முடிவெடுத்துத்தான் காலையில் அம்மாவோடு பஸ் ஏறினேன். என் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.

அடையாள அட்டைக் கந்தோரில் பதிவெழுத இருந்த பெண்ணுக்குச் சிரித்த முகம். அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இவா உங்கட மகள்தானே? பேரைச் சொல்லுங்கோ, சரிபார்க்கவேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். அக்காவின் பெயரைச் சொன்னார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு, சத்தமாக, படலையடியில் நின்று அவளைச் சாப்பிடக் கூப்பிடுவது போல. அந்தக் குரலுக்கு எதிராக நான் என்ன சொல்ல?

"ஓம்" என்றேன்.

கண்ணாடியில் வைத்த என் விரல்களை மெசின் முதல் தரமே பிடித்தது. அம்மாவுடையவைதான் பிடிக்கவில்லை, களை பிடுங்கிப் பிடுங்கித் தேய்ந்த விரல்கள். துடைத்துத் துடைத்து நாலு தரம் வைக்கச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ் வந்ததும் நான் முதலில் ஏறி, அம்மாவுக்குக் கை கொடுத்தேன். ஏறாமல் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார்.

"இனி அவள் வந்தா, அவளை ஆரெண்டு பதியிறது, பிள்ளை?"