மொன்றியல் தேர்தலுக்கு யாழ்ப்பாணத்துத் தீர்ப்பு

தொலைபேசி அட்டையின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டியது இன்னும் நினைவிருக்கிறது. இடுப்பில் காய்ச்சலோடு மகள். எதிரே கையைக் கட்டிக்கொண்டு என் அண்ணை. அழைக்க வேண்டியவர் யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் அதிபர்.

மொன்றியலில் பழைய மாணவர் சங்கம் தொடங்கியபோது ஊர்ச் சங்கத்தின் விதிகளடங்கிய யாப்பை அப்படியே பார்த்து எழுதிவிட்டோம். தேர்தலில் பிணக்கு வந்தால் அதிபரின் தீர்ப்பே முடிவு என்ற விதியும் கூடவே வந்துவிட்டது. பிறகு தலைவர் தேர்தலில் அண்ணை வென்றார். தோற்றவர் மொன்றியலுக்கு அடுத்த புரோசார்ட்டில் கடை வைத்திருப்பவர். பழைய மாணவர்களின் மனைவிமார் போட்ட வாக்குகள் செல்லாது, அவற்றைக் கழித்தால் தானே தலைவர் என்றார் அவர். இருவரும் தலைவர் என்று நின்றதால் வங்கி இருவரின் கையெழுத்தையும் ஏற்கவில்லை. போரால் ஊருக்குப் பாதை பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் சங்கம் அனுப்பிய உதவியில்தான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி காய்ச்சினார்கள். அந்தப் பணம் இப்போது வங்கியில் முடங்கிவிட்டது. நான் செயலாளர், நான்தான் கேட்க வேண்டுமாம்.

"ஊரடங்கு போடப்போறாங்கள் பிள்ளை, கெதியாச் சொல்லும்" என்றார் அதிபர். சொன்னேன். சிரித்தார். களைத்த சிரிப்பு. "கனடாவில ஆர் தலைவர் எண்டு நானோ சொல்லுறது? என்ர அதிகாரம் இந்தப் பள்ளிக்கூட மதிலோட சரி."

"யாப்பில அப்பிடித்தான் இருக்கு, சேர்."

"இருக்கட்டும். தோக்கிற ஆள் நான் சொன்னால் கேப்பாரோ? ரெண்டு பேரிட்டையும் அதைக் கேட்டுக்கொண்டு எடும். பேந்து சொல்லுறன்."

கஞ்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவசரப்படுத்துவது போலாகும் என்று நினைத்தாரோ, நானாவது நினைவூட்டியிருக்க வேண்டுமோ, தெரியவில்லை.

புரோசார்ட்காரர், "நான் கேப்பன். உம்மட கொண்ணை கேப்பாரோ?" என்றார். அண்ணை என்னைப் பார்க்காமலே "ஓம் எண்டு சொல்லு" என்றார்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. "பழைய மாணவர் எண்டால் அங்க படிச்ச ஆக்கள். மனைவிமாரின்ர வாக்கு செல்லாது." அவ்வளவுதான். அதை அண்ணைக்குச் சொல்ல வேண்டியவளும் நான்தான். மாடியில் நாங்கள், கீழே அண்ணை. மகளைக் காலையில் கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், விடுவதும் அவர்தான். எப்படியோ சொன்னேன். துறைமுக வேலைக்குப் போகச் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "அந்த விதியைப் பாத்து எழுதின விசரன் ஆர் தெரியுமோ? நான்தான்" என்றார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அந்த வாரமே கஞ்சிக்கான உதவி புதிய தலைவரின் கையெழுத்தோடு போனது.

அதிபர் இப்போது இல்லை. அவர் செத்த ஆண்டில், அந்த விதியை நீக்கிவிடலாம் என்று பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது. நானும் நீக்குவதே நல்லது என்றுதான் இருந்தேன். இன்னொரு முறை அப்படி ஓர் அழைப்பை எடுக்க எனக்குத் தெம்பில்லை. எதிர்த்து ஒரே ஒரு கை உயர்ந்தது. வெகுகாலமாகக் கூட்டங்களுக்கு வராத அண்ணை, பின் வரிசையில் இருந்து அந்தக் கையைத் தூக்கியிருந்தார்.