மூன்றாம் பாகத்தில் ஆரம்பி

தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு முகையூரிலிருந்து வந்தவள், முதல்முறை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது, டிவிக்குக் கீழே இருந்த ஐந்து டிஸ்க்குகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த ஆபரேஷன் கேம்ல எத மொதல்ல ஆடணும் அண்ணி?" என்று கேட்டாள். புதிதாக வருகிற எவரும் கேட்கிற கேள்விதான். எனக்கோ அதைக் கேட்டாலே பல் கூசும். "ஒன்றாம் பாகத்திலிருந்து வரிசையாகப் போங்கள்" என்று இணையத்தில் எவனாவது எழுதியிருந்தால், அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும்.

அந்த விளையாட்டில் நாம்தான் டாக்டர். மேஜைமேல் ஒருவன் கிடப்பான். கத்தி, இடுக்கி, ஊசி நூல், மருந்து எல்லாம் திரையின் ஓரத்தில் இருக்கும். மூலையில் அவன் உயிர் ஓர் எண்ணாக ஓடும். கை தவறினால் எண் சரியும், பூஜ்யம் ஆனால் ஆள் காலி. வயிற்றைக் கிழிப்பது, நெஞ்சில் தேங்கிய ரத்தத்தை உறிஞ்சுவது, ஈரல் ஓட்டையைத் தைப்பது என்று ஐந்து பாகமும் ரத்தக் களறிதான். எனக்குப் பிடித்திருந்தது. கோபம் வந்த நாளில் பாத்திரத்தைப் போட்டு உடைப்பதைவிட இது மேல்.

தம்பி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். யாரோ பழைய கேம் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒரு போனை மாற்றிக்கொண்டு போனார்கள். பெட்டிக்குள் மூன்றாம் பாகம் மட்டும் இருந்தது, மற்ற நான்கும் பிற்பாடு சேர்ந்தவை. ஒலக்கூர் பக்கத்தில் நான் வாழப் போன ஊருக்கு அதை அப்படியே கொண்டுவந்து போட்டான். கழனி வேலை முடிந்த மத்தியானங்களில் ஆடினேன். "மாட்டுக்கு ஊசி போட ஆளு வந்தா கண்ண மூடிக்கினு நிக்கிற. நீ டாக்டராக்கும்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

மூன்றாம் பாகம் ஆபரேஷன் அறையில் தொடங்காது, ரோட்டில் தொடங்கும். பஸ் கவிழ்ந்து கிடக்கும். ஒருவன் வயிற்றில் கம்பி ஏறியிருக்கும். கம்பியைப் பிடித்து இழுத்தால் திரை முழுக்க ரத்தம் அடிக்கும், ஆட்டம் முடிந்துவிடும். நான் திரும்பத் திரும்ப இழுத்து அவனைத் திரும்பத் திரும்பக் கொன்றேன். கம்பியை எடுக்கவே கூடாது, அது அசையாமல் சுற்றிக் கட்டி ஆஸ்பத்திரிவரை கொண்டுபோக வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்தப் பாகத்தின் முதல் பாடமே அதுதான்.

தம்பிக்கு இப்படி நடுவிலிருந்து தொடங்குவது ஆகாது. ஒன்றாம் பாகத்தைத் தேடி வாங்கித்தான் ஆடினான். அதன் முதல் பாடம் வேறு. ஒருவன் கையெல்லாம் கண்ணாடித் துண்டு குத்தியிருக்கும். ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்து நேராக, ஆட்டாமல், சட்டென்று உருவ வேண்டும். எவ்வளவு வேகமோ அவ்வளவு மார்க். அதில் தம்பி புலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தான். எதில் ஆரம்பிப்பது சரி என்று இரண்டு பேரும் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கிணற்றுப் பக்கம் கூச்சல் கேட்டது.

அது கூட்டுக் கிணறு. எங்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் ஒரே மோட்டார். ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. த்ரீ பேஸ் கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். முந்தின நாள் அவர்கள் முறையில் கரண்டே வரவில்லை. கரண்ட் வராவிட்டால் அந்த முறை கழிந்தது கழிந்ததுதான், அது ஊர் ஒத்துக்கொண்ட கணக்கு. ஆனால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, காய் பிடிக்கிற சமயம், பங்காளியின் கழனி வெடித்துக் கிடந்தது. எங்கள் முறையில் வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறான். முதல் அடி என் வீட்டுக்காரர் அடித்ததுதான், மறைக்க என்ன இருக்கிறது. செவிட்டில் ஓங்கி அறைந்திருக்கிறார். அவன் கையிலிருந்த ஸ்க்ரூ திருகும் திருப்புளியை அவர் தொடையில் இறக்கிவிட்டான்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் வாய்க்காலில் மல்லாந்து கிடந்தார். தொடையின் உள்பக்கம், இடுப்புக்குக் கிட்டே, பச்சைக் கைப்பிடி மட்டும் வெளியே நின்றது. ரத்தம் பெரிதாக இல்லை. அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது. பங்காளியை நாலைந்து பேர் மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்த்து மொத்திக்கொண்டிருந்தார்கள். அவன் மூக்கு உடைந்து சட்டை நனைந்திருந்தது. எனக்கு இரக்கமே வரவில்லை. இன்னும் இரண்டு போடட்டும் என்றுதான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் இரும்பு குத்தினால் உடனே பிடுங்கி, காயத்தில் காப்பித்தூளை அப்புவார்கள். இரும்பு உள்ளே இருந்தால் விஷம் ஏறும் என்பார்கள். யாரோ காப்பித்தூள் டப்பாவோடு ஓடிவந்தார்கள்.

"புடுங்குப்பா ஜல்தி. வெசம் ஏறிடப் போவுது."

தம்பி மண்டியிட்டு உட்கார்ந்தான். இடது கையால் தொடையை அழுத்தி, வலது கையால் கைப்பிடியைப் பிடித்தான். அந்தப் பிடி எனக்குத் தெரியும். திரையில் கண்ணாடித் துண்டை உருவுவதற்கு முன் நிதானிப்பானே, அதே நிதானம்.

"டேய், எடுக்காத. அப்டியே வுடு."

"சும்மா இரு அக்கா. நேரா இழுத்தா ஒண்ணும் ஆவாது."

அவன் கையைப் பிடித்தேன். முழங்கையால் என் நெஞ்சில் ஒன்று விட்டான். சேற்றில் விழுந்தேன். எழுந்து தலைமுடியைப் பிடித்தேன், அதற்கும் அசையவில்லை. விரல்கள் கைப்பிடியில் இறுகுவது தெரிந்தது. குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். கட்டைவிரல் பக்கத்துச் சதையில் பல் இறங்கிற்று. அலறினான், அடித்தான், நான் விடவில்லை. வாயெல்லாம் உப்பாக ரத்தம். கடைசியில் அவன் பிடிதான் விட்டது.

"இவளுக்குப் பேய் புடிச்சிருக்கு" என்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. யார் தோளிலிருந்தோ துண்டை உருவி, கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் சுருட்டி வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டேன். கை மரத்துப்போயிற்று. ஆம்புலன்ஸ் வந்தது.

திண்டிவனத்தில் பார்த்துவிட்டு, இங்கே முடியாது, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். வண்டியில் அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. விளையாட்டில் மூலையில் எண் இருக்கும், எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரியும். இங்கே உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செத்துவிட்டால், கட்டினவளே இரும்பை எடுக்கவிடாமல் கொன்றாள் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், நானே அப்படித்தான் நினைப்பேன். டிவியில் ஆடிய ஆட்டத்தை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைத்திருந்தேன்.

தம்பி எதிரில் உட்கார்ந்து கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மாமாக்கு எதனா ஆச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டரம்மா உட்காரக்கூட இல்லை. "ரத்தக் குழாய்ல பெரிய ஓட்டை. அந்த இரும்புதான் அத அடைச்சுக்கிட்டு இருந்துது. வழியில உருவியிருந்தா இங்க வந்து சேந்திருக்க மாட்டாரு" என்றார். பிறகு தம்பி கையைப் பார்த்து, "இது இன்னாது?" என்று கேட்டார். அவன் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். "மனுஷக் கடி ரொம்ப மோசம். போய் ஊசி போட்டுக்கோ."

வீட்டுக்காரர் பிழைத்தார். குளிர் நாளில் கால் இழுக்கும். பங்காளிமேல் கேஸ் நடக்கிறது, இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. கிணற்று முறை மட்டும் அப்படியே இருக்கிறது. தம்பி கையில் தழும்பு நின்றுவிட்டது. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்கு வருவான், மாமாவிடம் சிரிப்பான், என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவான். மன்னித்தானா, இன்னும் கறுவிக்கொண்டிருக்கிறானா என்று தெரியாமல் தவித்தேன்.

இப்போது புதுப்பெண் கேள்வி கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி தட்டை வைத்துவிட்டு வலது கையை அவளிடம் நீட்டினான்.

"மொதல்ல இதப் பாரு."

"நாய் கடிச்சுதுன்னு சொன்னீங்களே, அதான?"

"நாய் இல்ல. அக்கா." அவன் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். "அன்னிக்கு இவ கடிக்கலன்னா, மாமாவ நான் கொன்னுருப்பேன். மூணாவதப் போடு."