அலேயா, அலையா

எங்கள் கால்பந்துக் கழகம் எந்த வருஷம் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில், துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர்களோடு காரைக்கால் ஆட்கள் ஆடப்போய்த் தொடங்கியது என்பதில் மட்டும் தகராறு இல்லை. தகராறெல்லாம் ஒரு கத்தலில்தான். பந்து எதிரணி கோலை நோக்கிப் போனால் "அலே! அலே!" என்று கத்துவோம். அப்பா கத்தினார், நானும் கத்தினேன். அதை எழுதிப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை, போன ஆண்டுவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற வரைக்கும்.

செயலாளர் நான். பொதுக்குழுவுக்குத் தாமதமாகப் போனதால் கிடைத்த பதவி.

விழா ஆட்டத்தில் முதல் பந்தை உதைக்க வேண்டியவர் எங்கள் மூத்த ஆட்டக்காரர், பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். "தம்பி, அது பிரெஞ்சு வார்த்தை. அலேன்னா போ, முன்னேறுன்னு அர்த்தம். கொம்பை மாத்திப் போட்டே, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றார்.

எங்கள் ஃபார்வர்ட் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். "விளையாடுறீங்களாண்ணே? அது அலை. நாங்க அலை மாதிரி ஏறுறோம்ல? வாயில அலேன்னு வந்தா எழுத்தும் அப்படியா? மாத்துனீங்கன்னா எங்க ஆளுங்க இறங்க மாட்டோம். ஃப்ளெக்ஸை இறக்கி ஆடச் சொல்லுங்க."

அவன் ஆட்கள்தான் பாதி அணி. வரப்போவதோ நாகப்பட்டினத்து அணி. பெரியவர் இல்லாவிட்டால் விழா இல்லை, இவர்கள் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை.

வீரமாக போனை அணைத்தேன். நெடுங்காட்டில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று மனைவியிடம் சொல்லி, பையையும் எடுத்துவிட்டேன். "அங்க எல்லாப் பிள்ளைக்கும் குத்தி முடிச்சாச்சு. இப்ப எனக்குக் குத்துறீங்களா?" என்றாள்.

ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஏதோ ஒரு கொம்போடு அடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "லேயா, லையா சார்?"

"முதல்ல பந்துப் படத்தைப் போடும்மா."

பந்தை இழுத்துக்கொண்டு வந்தவளுக்குக் கை தவறியது. ல-வுக்கு முன்னால் இருந்த கொம்பின் மேல் பந்து கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அ, பந்து, ல.

"அய்யோ சார், எழுத்து மறைஞ்சுபோச்சே."

"கையை எடும்மா! எதையும் தொடாதே! அப்படியே அடி!"

விழா அன்று பெரியவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ம், சரியாத்தான் போட்டிருக்கே." அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால், "சூப்பர்ண்ணே! நம்ம அலை!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஃப்ளெக்ஸை. பிறகு என்னை. நான் நாகப்பட்டினத்துக்காரர்களின் தண்ணீர் கேனுக்குப் பின்னால் இருந்தேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"ஓடுறான் பாரு," என்றார் பெரியவர். "ஆடுற காலத்துல இந்த வேகம் இல்லையே இவனுக்கு."

ஃபார்வர்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பந்தை எடுத்து அவர் காலடியில் வைத்தான். "உதைங்க பெரியப்பா. கொம்பைச் சாயங்காலம் பேசிக்கலாம்."

உதைத்தார். கடலுக்குப் போகிறவர்கள் இடது பக்கமாக ஏறினார்கள். மைதானம் முழுக்க அந்தச் சத்தம் எழுந்தது, அதில் பெரியவருடையதுதான் பெரிது. லேயா, லையா? தண்ணீர் கேனுக்குப் பின்னால் குனிந்தபடி நானும் காதைத் தீட்டிக் கேட்டேன். சத்தியமாகப் பிடிபடவில்லை, நானும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்ததால்.