தோள் வளைவில் புட்டி

மரத்தை வளைக்கத் தெரியும் என்று பீலா விட்டுத் திரிகிற பல பேரைப் பார்த்திருக்கிறேன். அதில் முதல் பரிசு எங்கள் முதலாளிக்குத்தான். மேற்குத் தாம்பரத்தில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்கில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விட்டுக் கையில் காசு புழங்கவே, ஒரு கட்டிங் மிஷின் வாங்கினார். உளியை நேராகப் பிடிக்கத் தெரியாத மனுஷன், மிஷினைப் பிடித்ததும் பெரிய ஆசாரியாகிவிட்டார்.

சவப்பெட்டி வெறும் நீளப்பெட்டி கிடையாது. தோள்பட்டை வருகிற இடத்தில் அகலமாகி, அங்கிருந்து கால் பக்கம் குறுகும். அந்தத் தோளில் பக்கப்பலகை முறியாமல் ஒரே பலகையாக வளைய வேண்டும். அதற்கு உள்பக்கம், பலகைக்குக் குறுக்கே, ரம்பத்தால் நெருக்கமாக வெட்டுப் போடுவோம். வெளிப்பக்கம் மெல்லிசாக ஒரு கனம் மிஞ்ச வேண்டும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, மெதுவாக மடக்கினால் வெட்டுகள் மூடிக்கொள்ளும். பொறுமைதான் முக்கியம். அது அவரிடம் எந்த ஜென்மத்திலும் இருந்ததில்லை.

ஒருநாள் காலையில் பெருங்களத்தூரிலிருந்து ஸ்டெல்லா அக்கா வந்தார். டெய்லர் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா இறந்துவிட்டார், சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். அப்பா நல்ல கனமான ஆள், தெருவில் வண்டி நுழையாது, சர்ச் வரைக்கும் தோளில்தான் தூக்க வேண்டும், பெட்டி உறுதியாக இருக்கணும் என்று அழுதுகொண்டே சொன்னார். கல்லு மாதிரி செய்து தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார்.

நான் தண்ணீர் வைக்கப் போனேன். அதெல்லாம் பழைய பஞ்சாங்கம், நகரு என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினார். ஆழம் பார்க்கவில்லை. காய்ந்த மாம்பலகையை அப்படியே முழங்காலில் வைத்து மடக்கினார். படக்கென்று தோளில் விரிசல் விட்டது. பெரிய ஆசாரி மூஞ்சியில் ஈயாடவில்லை.

வேறு எவனாவது என்றால் பலகையைத் தூக்கிப் போட்டிருப்பான். இவர் மரத்தில் ஓட்டை அடைக்கிற புட்டி டப்பாவைத் திறந்தார். விரிசலில் அப்பி, மேலே வார்னிஷ் அடிக்கச் சொன்னார்.

"மண்ணுக்குள்ள போற பொட்டிடா. எவன் பாக்கப் போறான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாக்க வேணாம் சார், தூக்குவாங்கல்ல? நடுத்தெருவுல பொட்டி வாயைப் பொளந்துகினு பெரியவர் கீழ வுழுந்தா, அந்த அக்கா மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

சொன்னதைச் செய், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்று கத்தினார். போகிறேன், பெட்டியை முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். பக்கத்து டீக்கடை பாய்லரிலிருந்து பக்கெட்டில் கொதிநீர் பிடித்து வந்தேன். புதுப் பலகையில் கைரம்பத்தால் வெட்டுப் போட்டு, தோள் இடத்தில் கோணி சுற்றித் தண்ணீரை ஊற்றி, கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். முணுக் என்ற சத்தம் கூட இல்லாமல் வளைந்தது.

சாயங்காலம் பெட்டிக்குப் பின்னாலேயே சர்ச் வரைக்கும் நடந்தேன். எல்லாரும் அழுதார்கள். நான் தோள் வளைவையே பார்த்துக்கொண்டு போனேன். அது அசையவில்லை.

மறுநாள் முதலாளி எல்லாரிடமும் அது தன் மிஷின் வேலை என்று பந்தா காட்டினார். வெட்கமாவது மண்ணாவது! என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அனுப்பினால் அவரல்லவா மடக்க வேண்டும்.

ரெண்டு வருஷம் கழித்து முதலாளியின் அப்பா இறந்தார். பெட்டியை நான்தான் செய்தேன். அதை எடுத்துப் போக வந்த முதலாளி மிஷினைப் பற்றி வாய் திறக்கவில்லை. குனிந்து, தோள் வளைவைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ் வரை தடவினார். மறுபக்கமும் போய்த் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"புட்டி கிட்டி வெக்கலியேப்பா?"

வைக்கவில்லை என்றேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊரான் வீட்டுப் பெட்டியையும் அந்தக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.