ஒரு கேள்வி போதும், முருகா

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் முருகனைப் பற்றிப் பேச வாய் கூசாது. கிரிமினல் கேஸில் எனக்கு நானே வக்கீல் என்று கிளம்பியவன் நான். "இலவசமாக ஒரு வக்கீல் தரட்டுமா?" என்று மாஜிஸ்ட்ரேட்டே கேட்டார். வேண்டாம் என்றேன். சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி மீட்டிங்கில் நான் எழுந்து பேசினால் எதிர்ப்பேச்சு இருக்காது. அது என் வாதத்திறமை என்று நினைத்திருந்தேன். பாவம், அவர்களுக்கெல்லாம் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு பார்க்கிங் தகராறு. மேல்வீட்டுக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார், ஈரத்தில் வழுக்கி விழுந்தார், தோள் எலும்பு முறிந்தது. நான் தள்ளிவிட்டதாகப் புகார். சத்தியமாக நான் தொடவில்லை. ஆனால் தண்டனை என்றால் ஜெயில். தேஹு ரோடில் பார்க்கிற அரசாங்க வேலையும் போய்விடும்.

முதலில் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தேன். "சும்மா விழுந்தாலும் இப்படி முறியுமா?"

"முறியும்."

அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பெருமையாக, "அப்படியானால் யாரும் தள்ளியிருக்க மாட்டார்கள், இல்லையா?" என்றேன்.

"இவ்வளவு மோசமாக முறிய, யாரோ வேகமாகத் தள்ளியிருக்கவே வாய்ப்பு அதிகம்."

மாஜிஸ்ட்ரேட் அதை வரிவரியாகச் சொல்ல, டைப்பிஸ்ட் தட்டினார். என்னை நானே ஜெயிலுக்கு அனுப்புகிற சத்தம் அது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அடுத்து வாட்ச்மேன். அவர்கள் பக்கம் இருந்த ஒரே கண்சாட்சி. அன்று லோக்கல் ரயிலில் நின்றபோது கம்பியைப் பிடித்த கை நடுங்கியது. அதுவரை "நல்ல பேச்சைக் கொடு" என்றே வேண்டியவன், அன்று மாற்றிக் கேட்டேன். "முருகா, நிறுத்த வேண்டிய இடத்தில் நீயே என்னை நிறுத்திவிடு."

நான் தள்ளியதைக் கண்ணால் பார்த்ததாக வாட்ச்மேன் சொன்னார். என் முறை வந்தது. தெரிந்த மராத்தியில் கேட்டேன்: "அவர் விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"பம்ப் ரூமில், மோட்டார் போட்டுக்கொண்டிருந்தேன்."

பம்ப் ரூம் கட்டடத்துக்குப் பின்னால். பார்க்கிங் முன்னால். போலீஸ் போட்ட வரைபடத்திலேயே அது இருக்கிறது. "பிறகு எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்க வாயைத் திறந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஒரு சொல் வரவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இன்னும் கேள்வி உண்டா என்றார் மாஜிஸ்ட்ரேட். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

போன மாதம் விடுதலை ஆனேன். தீர்ப்பில் அந்த பம்ப் ரூம் பதிலைத்தான் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். இப்போது மீட்டிங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிறேன்.

கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருக்கும் அன்பர்களே, வக்கீல் கொடுத்தால் தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் முருகனிடம் நடுங்கிக்கொண்டே கேளுங்கள். அவன் காதில் விழும்.

தீர்ப்பன்று கோர்ட் வாசலில் என் மனைவி மீனாவிடம், "எப்படி வாதாடினேன், பார்த்தியா?" என்றேன்.

"வாயைத் திறக்கலை, அதான் வீட்டுக்கு வரீங்க."