தட்டின் அடிப்பக்கம்

ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் மறைத்துவைத்த வித்தையை, அவர் கண்ணெதிரே, அவருடைய மனைவியிடம் காட்டிக்கொடுத்தவள் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மலேசியாவின் ஈப்போ நகரில் என் வீட்டுக்கு வந்தால், கூடம் முழுக்கக் காசு வித்தைக்கான பழைய மரச் சாமான்களைப் பார்ப்பீர்கள். காசை விழுங்கும் இழுப்பறைப் பெட்டி, அடியில் பள்ளம் ஒளிந்திருக்கும் கிண்ணம், சீனர் கடையில் பேரம் பேசி வாங்கிய மரச் செப்பு... பென்ஷன் வாங்குகிற வயதில் இதென்ன பைத்தியம் என்று என் தங்கை கேலி செய்வாள். செய்யட்டும்!

இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் டிரஸ்ஸர் மாமா. சுங்காய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். என் அப்பா அங்கே கணக்கெழுதும் கிராணி. மாமா தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுபவர். தீபாவளிக்கு முதல்நாள் சாயங்காலம், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசை நிற்கும் அதே களத்தில், பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொள்வோம். மரத்தட்டில் பத்துக்காசு நாணயங்கள் ஐந்தை எங்களையே எண்ணி வைக்கச் சொல்வார். தட்டைச் சாய்த்து என் உள்ளங்கையில் கொட்டி, மூடு என்பார். திறந்தால் ஏழு! அவர் சட்டையில் வீசும் மருந்து வாசம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் மாமா எங்களைப் பார்க்கமாட்டார். கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் தன் மனைவியைத்தான் பார்ப்பார். அத்தை வாயில் கைவைத்து, கண்களை அகல விரித்து நிற்பார். அந்த முகத்துக்காகத்தான் மாமா வித்தை காட்டினார் என்று சின்னப்பிள்ளையான எனக்கே புரிந்தது.

புரிந்திருந்தும் அப்படிச் செய்தேனே...

தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். எல்லாரும் திசைக்கொருவராய்ப் போனோம். வெகுகாலம் கழித்து, மாமாவும் அத்தையும் ஈப்போவிலேயே ஓர் அடுக்குமாடி வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவர்களைப் பார்க்கவா போனேன்? இல்லை... தட்டுக்காகப் போனேன்.

மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. என்னை அடையாளம் கண்டு கண்ணால் சிரித்தார். நான் கேட்டதும், துணியில் சுற்றிய தட்டை அத்தை எடுத்துவந்தார்.

"இத யாரையும் தொட விடமாட்டாரு பிள்ள. என்னையே விட்டதில்ல. என்ன ராசியோ அவரு கையில... மாசக் கடைசியில நான் மூஞ்சத் தூக்கி வச்சிருந்தா, இத எடுத்துக் காச பெருக்கிக் காட்டுவாரு. இன்னைக்கும் எனக்குப் புரியல லா."

மாமாவின் முகம் மலர்ந்திருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தட்டு கைக்கு வந்ததும் எனக்கு அந்தக் கட்டிலும் தெரியவில்லை, அந்த மனிதரும் தெரியவில்லை. பழைய தேக்கு! பலகைகளை ஒட்டிய இடமே தெரியாத வேலைப்பாடு! வாயை அடக்க முடியாமல் தட்டைக் கவிழ்த்தேன்.

"இங்க பாருங்க அத்தை, எவ்வளவு நுணுக்கமா செஞ்சிருக்காங்க. ரெண்டு பலகைக்கு நடுவுல சந்து இருக்கு. மிச்சக் காசு இதுலதான் ஒளிஞ்சிருக்கும். சாய்க்கிறப்ப சேர்ந்து வழுக்கி வந்துரும்."

சொல்லிக்கொண்டே விளிம்பைத் தட்டினேன்... இரண்டு பழைய காசுகள் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டன.

மாமாவின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அத்தை காசைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போ பிள்ள," என்றார் அத்தை.

எடுத்துக்கொண்டும் வந்தேன்! எவ்வளவு நெஞ்சழுத்தம் எனக்கு!

சில மாதங்களில் மாமா இறந்துபோனார். காரியம் முடிந்து எல்லாரும் போனபின், சமையலறையில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். அத்தை கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும் பிள்ள. அவரு வேலைக்குப் போயிருந்தப்ப தூசி தட்டுனேன், ஒரு காசு விழுந்திச்சு. திரும்ப உள்ள தள்ளி வச்சிட்டேன்."

அப்படியானால் நான் கெடுத்தது அத்தையின் வியப்பையா? இல்லை... மாமாவிடம் மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தை!

"அன்னைக்கே மாமாகிட்ட அதச் சொல்லியிருக்கலாமே அத்தை?"

"என்னன்னு சொல்ல? இத்தன வருசமும் உங்ககிட்ட நடிச்சேன்னா? அதக் கேட்டா இன்னும் நொந்துபோயிருவாரு." குழாயை மூடினார். "நீ வந்துட்டுப் போன பெறகு, கடைசி வரைக்கும் அவரு என் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

மன்னித்தேன் என்று அத்தை சொல்லவில்லை. தட்டைத் திருப்பிக் கொண்டுபோனபோது வாங்கிக்கொள்ளவும் இல்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.