ஆன்டெனா திருப்பிய கை

வெயிலில் காய்ந்த இரும்புக் குழாயைத் திருப்பினால் உள்ளங்கையில் ஒட்டும் துரு வாடை, சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது மணக்கும். சீவலப்பேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நாங்கள் சொல்வதுபோல் 'தட்டட்டி'யில், அந்தக் குழாயின் உச்சியில்தான் டி.வி. ஆன்டெனா நின்றது, கிழக்கே திருப்பினால் கடல் கடந்து இலங்கைப் படம் வரும். பன்னிரண்டு வயது வரை திருப்புவது என் வேலை. படம் தெளிந்ததும் கீழேயிருந்து அப்பா 'போதும்' என்பார். நான் நிறுத்த மாட்டேன். ஜன்னலில் நின்று அம்மா சொல்லச் சொல்ல, படம் மங்கும்வரை தாண்டிப் போய், மறுபக்கமும் மங்கும்வரை திரும்பி வந்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவேன். முதலில் தெளிந்த இடத்திலேயே விட்டால் சின்னக் காற்றுக்கே படம் போய்விடும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு நான் வயதுக்கு வந்தேன். சடங்கு முடிந்த மறுநாளே, எங்களோடிருந்த அப்பாவின் அக்கா, "பெரிய மனுஷியான பிள்ளைக்கு மேல என்னளா வேலை? நாலு பேரு பாக்குதாங்க" என்று மாடிக் கதவைப் பூட்டிவிட்டாள். சாவியும் வேலையும் அண்ணனுக்குப் போயின. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆடிக் காற்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவே எங்கள் வீட்டில் கூடி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது படம் போய்விட்டது. அண்ணன் மூன்று முறை திருப்பினான். 'போதும்' என்றதும் கையை எடுத்தான், மூன்று முறையும் காற்று கொண்டுபோயிற்று. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க மேலே ஏறினேன். அத்தை முற்றத்தில் நின்று "இறங்குட்டி" என்றாள். அப்பா, "போதும்ளா, படம் வந்துட்டு" என்றார். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் தாண்டித் திருப்பி, திரும்பி வந்து, நடுவில் நிறுத்திக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஆட்டம் முடியும்வரை படம் அசையவில்லை. மறுநாள் அப்பா மாடிச் சாவியை அண்ணனிடமிருந்து வாங்கி என்னிடம் தந்தார்.

இன்று நான் வேலை பார்க்கும் இடத்தில், எங்கள் வீட்டை விடப் பெரிய தட்டு ஆன்டெனா, நிலாவைத் தாண்டிப் போன விண்கலத்தின் மெல்லிய சமிக்ஞையைத் தேடித் திரும்புகிறது. அதுவும் தாண்டிப் போய், திரும்பி வந்துதான் நிற்கிறது. அதைப் பார்த்து இறங்கச் சொல்ல யாருமில்லை, கொடுத்துவைத்தது. ஊரில் அந்தப் பழைய ஆன்டெனாக்களில் இப்போது ஒன்றுகூட இல்லை, எங்கள் குழாயில் துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் அண்ணன் மகள் வயதுக்கு வந்தாள். துணி எடுக்கக்கூட மேலே விடமாட்டேன் என்கிறார்கள் என்று போனில் அழுதாள். பின்னால் என் அத்தையின் அதே பழைய குரல் அதட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ஏறுட்டி," என்றேன், வீடு முழுக்கக் கேட்க. "உன் அத்தை நான் சொல்லுதேன், ஏறு."